நல்ல இடத்தில் நிறுத்தாமல் வாசித்த நாவல்

எங்கள் ஊர் நூலகமான வாயனசாலையின் ஆண்டு மலருக்கு என்னையும் எழுதச் சொன்னார்கள். இப்போது வாசித்த காதல் கதை, ராஜா காலத்துக் கதை இவற்றில் மற்றவர்களும் வாசிக்கத் தக்கது எது, ஏன் என்று எழுத வேண்டும். வீடு வீடாகப் புஸ்தகம் கொண்டுவரும் பெண்தான் வந்து சொன்னாள். சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பியவள் மறுபடியும் அணைத்தாள்.

"மாமி, எதை வேணும்னாலும் எழுதுங்க. அந்த ஒண்ணை மட்டும் வேண்டாம், கேட்டீங்களா?"

எந்த ஒன்று என்று நான் கேட்கவில்லை. அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில் எங்கள் வாயனசாலையில் புஸ்தகம் வாங்குகிற எல்லாப் பெண்களுக்கும் தெரியும். என் வீட்டுக்காரரின் தங்கச்சி நெஞ்சில் ஓப்பரேஷனுக்குப் போவதற்கு முந்தின நாள், நான் அவளுக்கு ஒரு நாவலின் முடிவை வாசித்துக் கொடுத்தேன். அதில் ஒரு சாவு வருகிறது. அவள் ஆஸ்பத்திரியிலிருந்து உயிரோடு திரும்பவில்லை. அன்றிலிருந்து அந்தப் புஸ்தகத்தை ஒருத்தியும் வீட்டுக்குள் எடுப்பதில்லை. ஸ்கூட்டர் பையில் அது இருந்தால் தன் வாசலில் நிறுத்த வேண்டாம் என்றுகூட ஒருத்தி சொன்னாளாம்.

ஆகவே நான் அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். மற்றதையும் சொல்வேன். எனக்கு ஒரு அவசரமும் இல்லை.

என் பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு தீர்ந்தது. அங்கே படித்தது மலையாளம். தமிழ் எழுத்தை நாகர்கோவில் பக்கத்துச் சொந்தக்காரர்கள் கொண்டுவரும் கல்யாண அழைப்புக் குறியிலும், களியக்காவிளையில் நிற்கிற பஸ்ஸின் நெற்றியிலும் பார்த்துப் பார்த்து நானே பிடித்துக்கொண்டேன். இன்றைக்கும் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். உரக்கத்தான் வாசிப்பேன். அதில் எனக்கு வெட்கம் கிடையாது. ஒரு சொல்லைக்கூட நான் தாண்டிப் போனதில்லை. வேகமாக வாசிக்கிறவர்கள் எவ்வளவு தாண்டுகிறார்கள் என்று கதையைத் திருப்பிக் கேட்டுப் பார்த்தால் தெரியும்.

கர்க்கடக மாசம், அதாவது ஆடியில், எங்கள் வீட்டில் ராமாயணப் பாராயணம் உண்டு. இந்த வீட்டுக்கு வந்த வருஷத்திலிருந்து நான்தான் வாசிக்கிறேன். அந்தியில் கை கால் கழுவி, விளக்கு வைத்து, புஸ்தகத்தைப் பலகைமேல் வைத்து வாசிக்க வேண்டும். அதற்கு ஒரு முறை உண்டு. அன்றைய வாசிப்பைக் கொலையிலோ சண்டையிலோ அழுகையிலோ நிறுத்தக் கூடாது. நல்ல இடம் வரும்வரை இழுத்துக்கொண்டு போக வேண்டும். ஒரு கல்யாணமோ, பிரிந்தவர்கள் சேருவதோ, ஒரு துதியோ வந்தால் அங்கே நிறுத்திக் கும்பிட்டு மூடலாம். நாள் போதாமல் வந்தால் பட்டம் சூட்டுகிற இடத்தோடு முடித்துவிடலாம். அதற்குப் பிறகு வருகிற துக்கத்தை வாசித்தே ஆக வேண்டும் என்று இல்லை.

நாவல் வாசிக்கத் தொடங்கியபோது எனக்கு வேறு விதம் தெரியவில்லை. அதே பலகை, அதே விளக்கு, அதே முறை. மகன் பார்த்துச் சிரித்தான்.

"அம்மா, இது நாவலாக்கும். இதுக்கு எதுக்கு விளக்கு?"

"வெளிச்சத்துக்கு."

"டியூப் லைட் எரியுதே!"

"எலே, அது உனக்கு" என்றேன்.

புஸ்தகம் கொண்டுவருகிறவளும் விடமாட்டாள். "ஒரு புஸ்தகத்தில் துளசி, ஒண்ணில் சந்தனம், ஒண்ணில் திரிநூல். அடுத்து வாங்குறவ தொட்டுக் கும்பிட்டுட்டாக்கும் படிக்கா" என்பாள்.

கேட்பதற்கு என் நாத்தூன் இருந்தாள். வீட்டுக்காரரின் தங்கச்சியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அண்ணியான என்னை அவள் மைனி என்பாள். அவள் பத்தாம் வகுப்பு ஜெயித்தவள். கைத்தறி சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் கூடி வரவில்லை. ஏன் என்று இங்கே எழுத வேண்டியது இல்லை. மலையாளப் பத்திரிகையை முதல் எழுத்து முதல் மரண அறிவிப்பான சரமக் குறிப்பு வரை ஒரே இருப்பில் வாசிப்பாள். பேசுவது என்னைப் போலத் தமிழ்தான். ஆனால் தமிழ் எழுத்து தெரியாது. "உங்க எழுத்தெல்லாம் ஒண்ணு போல இருக்கு மைனி, ஜன்னல் ஜன்னலா" என்பாள். மலையாள நாவலை அவளே வாசித்துக்கொள்வாள். வாயனசாலையின் தமிழ் அலமாரிக்கு என் வாய் வேண்டும்.

அந்த அலமாரியிலிருந்து எடுத்தவற்றில் முதலில் சொல்ல வேண்டியது ஒரு ராஜா காலத்துக் கதை. செங்கல் கனத்தில் இருக்கும். அரண்மனைக் களஞ்சியத்தில் நெல் அளக்கிற பெண்ணுக்கும் கோட்டைக் காவல்காரனுக்கும் உள்ள பிரியம். நல்ல கதை, ஆனால் எழுதியவருக்குக் குதிரைமேல் மோகம். ராஜாவின் குதிரைக்கு நெற்றி எப்படி, கழுத்து எப்படி, குளம்பு எப்படி என்று பக்கம் பக்கமாக உண்டு. அதற்குப் புல் அறுத்தது யார் என்று ஒரு வரி இல்லை. நாத்தூன் சொன்னாள்: "இவரு அந்தப் பெண்ணைக் குதிரைக்குக் கட்டிக் குடுத்திருக்கலாம்." ஆனாலும் பஞ்ச காலத்தில் களஞ்சியத்துச் சாவியை அவள் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற இடம் உண்டு. அந்த இடத்துக்காகக் குதிரையைப் பொறுத்துக்கொள்ளலாம். வாசியுங்கள்.

இரண்டாவது இந்தக் காலத்துக் காதல். வளைகுடாவில் நர்ஸாக இருந்து வயது கடந்து ஊருக்குத் திரும்பியவளும், மனைவியை இழந்த ஒரு அச்சகக்காரரும். தினமும் ஒரே பாசஞ்சர் வண்டியில் எதிரும் புதிருமாகப் போகிறார்கள். பாதிப் புஸ்தகம் வரை அவர் வாயைத் திறக்கவில்லை. "வாயில கொழுக்கட்டையா வெச்சிருக்கான்?" என்று நாத்தூன் தினமும் திட்டினாள். அவர் ஒருநாள் பேசியபோது, கேட்டது ஜன்னலைச் சாத்தட்டுமா என்று மட்டும்தான். நான் சிரித்தேன். நாத்தூன் சிரிக்கவில்லை. "மைனி, அது போரும்" என்றாள். அன்றைக்கு நிறுத்த அதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று மூடிவிட்டேன். பெரிதாக ஒன்றும் நடக்காத கதை. வயதானவர்களுக்குக் கொள்ளாம், நன்றாக இருக்கும். இளம் வயதுக்காரர்களுக்குப் பொறுமை இருந்தால் அவர்களுக்கும் கொள்ளாம்.

மூன்றாவதுதான் ஊரார் வேண்டாம் என்கிற புஸ்தகம்.

ஆறு கடலில் சேருகிற இடத்தில் மணல் திட்டு அடைத்துக் கிடக்கும். மழை பெருகினால் அதை வெட்டித் திறக்க வேண்டும். நாங்கள் பொழி என்போம். பூவாற்றில் பார்த்திருப்பீர்கள். அப்படி ஒரு பொழிமுகத்தில் வள்ளம் தள்ளுகிற பெண்ணும், ராஜாவுக்காக நிலம் அளக்க வந்த ஆளும் இந்தக் கதையில் வருகிறார்கள். அளக்க வந்தவன் அளந்து முடித்தாலும் போகாமல் மறுபடி மறுபடி அளக்கிறான். பிறகு படையோடு அவனைத் தெற்கே கூட்டிப் போய்விடுகிறார்கள். முதலில் கொஞ்சம் பக்கங்கள் மெதுவாகத்தான் போகும், கயிறும் சங்கிலியும் அளவும் என்று. விட்டுவிடாதீர்கள். அவள் அவனுடைய அளவுக் கயிற்றை வள்ளம் கட்ட எடுத்துவிட்டுத் திருப்பித் தராமல் இருக்கிற இடத்திலிருந்து கதை உங்களைப் பிடித்துக்கொள்ளும்.

எங்களையும் பிடித்தது. நாத்தூனுக்கு ஒரு பழைய சந்தோஷம் வந்தது போல முகம் மாறும். காரோடு என்கிற ஊரில் எங்களுக்குச் சொந்தம் உண்டு, அங்கிருந்து போய்ப் பொழி வெட்டுவதைச் சின்ன வயதில் பார்த்தவள். "இப்படித்தான் மைனி, இப்படியேதான்" என்று நடுவில் சொல்வாள். ஒரே கஷ்டம், இந்தக் கதையில் நல்ல இடங்கள் தூரம் தூரமாக இருந்தன. சில நாள் தொண்டை வறளும்வரை வாசித்தாலும் நிறுத்த இடம் கிடைக்காது. சில நாள் உட்கார்ந்த உடனே ஒரு நல்ல இடம் வந்துவிடும். நாளைக்கு எப்படி இருக்குமோ என்று அங்கேயே நிறுத்திவிடுவேன். "ஒரு பக்கம் கூட ஆவல்லியே!" என்று அவள் கோபப்படுவாள்.

கதை நடுவில் இருக்கும்போது அவளுக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. அடுக்களையிலிருந்து முற்றத்துக்கு வருவதற்குள் சுவரைப் பிடிப்பாள். திருவனந்தபுரத்தில் காட்டினோம். நெஞ்சைத் திறந்து அடைப்பை எடுக்க வேண்டும் என்றார்கள். டாக்டர் "பேடிக்கண்டா" என்றார். பயப்பட வேண்டாம் என்று சொல்லும்போதே அவர் முகத்தை மகன் பக்கம் திருப்பிக்கொண்டதை நான் கண்டேன். வயதும் சர்க்கரையும் கூடச் சேர்ந்திருந்தன.

நாள் குறித்துத் தந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி: "மைனி, அதுக்குள்ள கதை தீருமா?"

"தீராட்டா திரும்பி வந்து கேளு."

"இல்ல. கேட்டிட்டுத்தான் போவேன்."

புஸ்தகம் கொண்டுவருகிறவள் அன்று வந்தாள். அவள் அந்த நாவலை வாசித்ததில்லை. ஆனால் "வேற ஊர் வாயனசாலையில் இதைப் படிச்சவங்க எல்லாரும் அழுதாங்களாம் மாமி" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்கு அந்த அழுகையை வாசிக்க எனக்குப் பயம்.

காரணத்தைச் சொல்கிறேன். என் வீட்டுக்காரர் படுக்கையில் இருந்த கர்க்கடகத்தில், ஒரு நாள் வாசிப்பின் நடுவே கரண்ட் போய், மழையில் விளக்கும் அணைந்து, ஆள் வந்து, அப்படியே எழுந்துவிட்டேன். ஒருவன் அம்பு பட்டுக் கிடக்கிற இடம் அது. மறுநாள் வாசிக்க உட்காருவதற்குள் அவர் போய்விட்டார். அதற்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று மகன் அன்றே சொன்னான். எனக்கும் புத்தியில் அது தெரியும். ஆனால் புத்தியில் தெரிவது ஒன்று, விளக்குக்கு முன்னால் உட்காரும்போது தோன்றுவது ஒன்று. நாத்தூனும் அன்று பக்கத்தில் இருந்தவள்.

ஆகவே அதுவரை செய்யாததைச் செய்தேன். மத்தியானம் அவள் தூங்கும்போது கடைசிப் பக்கங்களைத் திருப்பினேன். என் வாசிப்புக்கு ஒரு பக்கம் கடக்கவே நேரமாகும். சாவு வந்தது. அந்த ஒரு பக்கத்தோடு மூடிவிட்டேன். அந்த இரண்டு பேரில் ஒருவர் போகிறார். யார் என்று இங்கே எழுத மாட்டேன்.

மூடும் முன் பின்னோக்கித் திருப்பியபோது, அதற்கு முன்னால் ஒரு கல்யாணம் வருகிறது என்பதையும் தெரிந்துகொண்டேன். வள்ளத்திலேயே, கரைக்காரர்கள் இரண்டு பக்கமும் நிற்க நடக்கிறது. நாள் போதாமல் வந்தால் பட்டம் சூட்டுவதோடு மூடலாம் என்பது முறைதானே. கல்யாணத்தோடு மூடுவோம் என்று மனதில் உறுதி செய்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதற்கு முந்தின நாள். மத்தியானச் சோறு கழிந்த உடனே உட்கார்ந்தோம், பக்கம் நிறைய இருந்தது. பகலிலேயே விளக்கு வைத்தேன். அவள் கட்டிலில் தலையணையில் சாய்ந்திருந்தாள். கல்யாணம் வரை வாசித்தேன். கும்பிட்டேன். துளசியை வைத்து மூடினேன்.

"அவ்வளவு தான்" என்று சொல்லவில்லை. பொய் சொல்ல எனக்கு வராது. "இண்ணைக்கு இது போரும் மக்கா" என்றேன்.

அவள் கையை நீட்டினாள். புஸ்தகத்தை வாங்கி, துளசிக்குப் பின்னால் உள்ள தாள்களை விரலால் பிடித்துப் பார்த்தாள்.

"இவ்வளவு பாக்கி உண்டே."

"வந்து கேளு."

"மைனி, நீங்க முடிவைப் பாத்தாச்சு."

நான் விளக்குத் திரியைத் தள்ளிவிட்டேன்.

"கல்யாணத்தை வாசிக்கீங்க, குரலு மரண வீட்டு ஒச்சை. பின்ன எனக்குத் தெரியாதா? யாரு போறது?"

"எடி, பேசாம கிட. நாளைக்கு எங்கே போறேண்ணு ஓர்மை உண்டா? நல்ல இடத்தில் நிறுத்தியிருக்கு. அண்ணைக்கு நிறுத்த முடியாம என்ன ஆச்சுண்ணு நீயும் கண்டவதானே."

அவள் புஸ்தகத்தை என்னிடம் திருப்பித் தந்தாள். பிறகு சொன்னது எனக்கு அப்படியே நினைவில் உண்டு.

"அண்ணைக்கு அண்ணன் போனது அண்ணனுக்க நோயில. உங்க வாயில இல்ல. நான் இத்தனை வருஷம் சொல்லணும்ணு நினைச்சது. பாராயணத்தில நடுவில் மூடினாலும் நமக்கு முடிவு தெரியும், பிறந்ததிலிருந்து கேக்குற கதை. இது எனக்குத் தெரியாத கதையாக்கும். நீங்க கல்யாணத்தில நிறுத்திட்டா நான் அங்க மேசையில கிடந்து இதைத்தான் ஆலோசிப்பேன். வாசியுங்க."

"கெட்டதா இருந்தா?"

"இருக்கட்டும். எனக்கு நெஞ்சைத்தான் திறக்கப் போறாங்க, காதை அடைக்கல்லியே."

துளசியை எடுத்தேன். வாசித்தேன். சாவு வந்தது. நான் ஏற்கெனவே வாசித்த பக்கம், அதனால் இன்னும் கஷ்டமாக இருந்தது. எழுத்து கலங்கியது. ஒவ்வொரு சொல்லாகத்தான் போனேன். அவள் கண்ணை மூடிக் கேட்டாள். அழுதாளா என்றால், ஆமாம், அழுதாள். நானும்தான். "நிறுத்தாதீங்க" என்று மட்டும் சொன்னாள்.

அந்தப் பக்கத்துக்குப் பிறகும் கதை இருந்தது. அதை நான் முன்பு பார்க்கவில்லை. சாவைக் கண்டவுடன் மூடிவிட்டேனே. மறுநாள் விடிகிறது. மீந்த ஆள் மணலில் கிடக்கிறார். அக்கரையிலிருந்து யாரோ வள்ளத்துக்குக் கூப்பிடுகிறார்கள், நடந்தது ஒன்றும் தெரியாத வெளியூர்க்காரர். திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறார். மீந்த ஆள் எழுந்து போய் வள்ளத்தைத் தள்ளுகிறார். அத்துடன் கதை தீர்கிறது. அது நல்ல இடமா கெட்ட இடமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கும்பிடலாமா என்றும் தெரியவில்லை. கையைக் கூப்பாமல் புஸ்தகத்தை மூடினேன்.

மறுநாள் காரில் போனோம். மகன் ஓட்டினான். நாங்கள் இரண்டு பேரும் பின்னால். பாலராமபுரத்தில் வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றன. அப்போது அவள் தொடங்கினாள்.

"அவ்வளவு நடந்த மறுநாள் எழும்பிப் போய் வள்ளம் தள்ள மனசு வருமா மைனி?"

"ஆள் கூப்பிட்டா போகாண்டாமா?"

"கூப்பிடட்டும். ஒரு நாள் கிடந்து அழட்டும். அக்கரைக்காரனுக்கு என்ன அவசரம்? தீ பிடிச்சா?"

"கூப்பிடுறவனுக்குத் தெரியாதே."

"தெரியாட்டா ஒச்சை வெச்சுச் சொல்லணும். வீட்டில ஆள் போச்சு, நாளைக்கு வாண்ணு. எழுதினவருக்கு அவசரமாக்கும், தீர்த்திட்டுச் சாயா குடிக்கப் போகணும்."

"நீ சும்மா கிடப்பியா? நீயும் எழும்பிப் போவ."

"நான் போக மாட்டேன்."

"போவ."

மகன் கண்ணாடியில் பார்த்தான். "யாரு செத்தது? ரெண்டு பேரும் எந்த வீட்டைப் பத்தி பேசுறீங்க?" என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்து மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரி வாசல்வரை இதே வழக்குத்தான். நர்ஸ் கையில் ஊசி குத்தும்போதும் என்னைப் பார்த்து, "ஒரு நாளாவது அழணும்" என்றாள்.

ஓப்பரேஷன் நடந்தது. நல்லபடி நடந்தது என்றுதான் சொன்னார்கள். பிறகு காய்ச்சல் கண்டது, அது இறங்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கத்தான் விட்டார்கள். ஒரு விடியற்காலையில் அவள் போய்விட்டாள். கொண்டுவந்து எங்கள் புரயிடத்தில், வீட்டுத் தோட்டத்தில்தான் அடக்கம் செய்தோம்.

மரணத்துக்கு வந்தவர்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள், முந்தின நாள் வீட்டில் என்ன வாசிப்பு நடந்தது என்று. என் முகத்துக்கு நேராக யாரும் பேசவில்லை. பேச மாட்டார்கள், என்னை அவர்களுக்குத் தெரியும். அடுக்களைப் பக்கம் மட்டும் கேட்டது: "விளக்கு வெச்சு வாசிச்சாளாம், நல்ல இடத்தில் நிறுத்தல்லியாம்." அதற்குப் பிறகுதான் புஸ்தகம் அலமாரியில் கட்டையாகக் கிடக்கத் தொடங்கியது.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. அதே பயத்தில் துளசியை வைத்து மூடியவள்தான் நானும். ஆனால் ஒன்று கேட்கிறேன். நான் கல்யாணத்தில் நிறுத்தியிருந்தால் அந்தக் காரில் நாங்கள் என்ன பேசியிருப்போம்? கத்தியைப் பற்றி, ரத்தத்தைப் பற்றி, யாருக்கு என்ன கொடுக்க வேண்டும் என்பதைப் பற்றிப் பேசியிருப்போம். அவள் அதைப் பேசவில்லை. ஒரு வள்ளக்கடவில் நடந்ததைப் பற்றி நியாயம் கேட்டுக்கொண்டு போனாள். பயம் இருந்திருக்கும். ஆனால் அதற்கு வாய் திறக்க இடம் கிடைக்கவில்லை. ஒரு புஸ்தகம் ஒரு மனுஷிக்கு இவ்வளவு செய்தால் அதை நல்ல புஸ்தகம் என்றுதான் நான் சொல்வேன். எங்கள் வழக்கு தீரவில்லை. மறுநாளே எழுந்து போனது சரி என்றுதான் நான் அன்று சொன்னேன். அவள் போன பிறகு, ஒரு நாள் அழட்டும் என்று அவள் சொன்னதிலும் நியாயம் உண்டு என்று படுகிறது. நீங்கள் வாசித்துவிட்டு யார் பக்கம் என்று சொல்லுங்கள்.

இந்தக் கர்க்கடகத்திலும் பாராயணம் வாசிப்பேன். அது தெய்வத்துக்கு. அதன் முறையை மாற்ற மாட்டேன். நாவலைக் கடைசி எழுத்துவரை வாசிப்பேன்.

இவ்வளவும் எழுதி முடிக்க எனக்கு நிறைய நாள் பிடித்தது. நேற்று புஸ்தகக்காரி வந்தபோது தாள்களைக் கொடுத்தேன். நின்றபடி வாசிக்கத் தொடங்கியவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் வாயை மூடிக்கொண்டு வாசிக்கிறவள், எங்கே வந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. முடித்ததும் தாள்களை மடித்து மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இது அச்சில் வந்தா ஆளுகள் என்ன சொல்லுவாங்களோ மாமி."

"சொல்லட்டும்."

"செரி." மடித்த தாளை மறுபடி பிரித்தாள். "யாரு மாமி போறது? அவளா, அவனா?"

"வாசி" என்றேன்.

"என்கிட்ட மட்டும் சொல்லுங்களேன்."

"அலமாரியில சும்மாதானே கிடக்கு. எடுத்து வாசி."

அவள் எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். ஸ்கூட்டர்ப் பையிலிருந்த மற்ற வீட்டுப் புஸ்தகங்களை ஒதுக்கி ஒரு இடம் உண்டாக்கினாள். இன்றைக்கு வாயனசாலையை அடைப்பதற்கு முன்னால் போனால் எடுத்துவிடலாம் என்று, என்னிடமா தன்னிடமா என்று தெரியாத குரலில் சொன்னாள். போகும்போது திரும்பி, "வீட்டில் மாமியாருக்குத் தெரியாண்டாம்" என்றாள்.

"தெரியட்டும். உரக்க வாசி, அவளும் கேக்கட்டும்" என்றேன்.